லாம்பிக்கும் அதைச் சுவைத்தறியும் முறையும்

லாம்பிக் என்பது பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸ் நகரிலும், அதன் தென்மேற்கே சென் ஆற்றின் பள்ளத்தாக்கிலும், அதையடுத்த பாயோட்டன்லாந்து என்னும் கிராமப் பிரதேசத்திலும் தொன்றுதொட்டு ஆக்கப்பட்டுவரும் புளிப்பு பீர் வகையாகும். காய்ச்சுவோர் தம் கையால் ஈஸ்ட் ஏதும் சேர்க்காமல், காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாயின் மரத்திலும் இயல்பாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்களையே நம்பி நொதிக்கவிட்டு, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை மரப்பீப்பாய்களில் இதைப் பக்குவப்படுத்துகிறார்கள். முதல் மிடற்றில் இது கெட்டுப்போன பானம் என்றே பலருக்குத் தோன்றும். எந்தப் புளிப்பு பக்குவத்தால் வந்தது, எந்தப் புளிப்பு கேட்டால் வந்தது என்று பிரித்தறிவதே சுவைப்போர் கற்கவேண்டிய முதற்பாடம். அதைக் கற்பதற்கு இப்பானம் உருவாகும் விதத்தை அறிந்திருத்தல் அவசியம்.

ஆக்கும் முறை: லாம்பிக்குக்கான தானியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டி உலர்த்திய பார்லி, எஞ்சியது முளைகட்டாத கோதுமை. கோதுமை நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையலாகாது என்று 1965ஆம் ஆண்டின் பெல்ஜிய அரச ஆணை விதித்தது. கோதுமையிலிருந்து இறங்கும் மாப்பொருளும் எளிதில் நொதிக்காத சர்க்கரைகளும் தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் கஷாயத்தில் வேண்டுமென்றே தங்கவைக்கப்படுகின்றன. பின்னாளில் மந்தகதியில் வேலை செய்யப்போகும் நுண்ணுயிர்களுக்கு அவையே ஆகாரம். ஹாப்ஸ் பூக்களையும் பறித்த புதிதில் இடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கிடந்து கசப்பும் மணமும் பெரிதும் மாய்ந்த பூக்களையே மிகுதியாகச் சேர்த்துப் பல மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். வேண்டாத பாக்டீரியாக்களை அடக்கும் சக்தியொன்றே அவற்றிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

கொதித்த கஷாயம் கூரையடியில் உள்ள மேன்மாடத்துக்கு ஏற்றப்பட்டு, அகன்று ஆழம் குறைந்த திறந்த தொட்டியில் ஓர் இரவு முழுவதும் ஆறவிடப்படும். கோடையில் கஷாயம் ஆறத் தாமதித்துத் தீய பாக்டீரியாக்கள் பெருகிவிடுமாதலால், அக்டோபர் முதல் ஏப்ரல் வரையுள்ள குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுவது மரபு. கூரையிலும் உத்தரங்களிலும் சிலந்தி வலைகள் தொங்கினாலும் அவற்றைக் கலைக்க மாட்டார்கள். பீப்பாய்களை மொய்க்கும் பழ ஈக்களைச் சிலந்திகள் பிடித்து உண்பதால் அவை காவலர்களாகவே கருதப்படுகின்றன.

நொதித்தலின் பருவங்கள்: மறுநாள் காலை பீப்பாயில் வார்க்கப்பட்ட கஷாயத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல உயிரினங்கள் ஆட்சி செலுத்துகின்றன என்பதை லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1970-களில் விரிவாக ஆராய்ந்து விளக்கினர். முதல் மாதத்தில் குடற்பாக்டீரியா இனங்கள் தலையெடுத்து விரைவில் மடிகின்றன. அடுத்து சாக்கரோமைசிஸ் என்னும் ஈஸ்ட் எளிய சர்க்கரைகளை மதுவாக மாற்றுகிறது. சில மாதங்கள் கழித்து பீடியோகாக்கஸ் பாக்டீரியா பெருகி லாக்டிக் அமிலத்தைத் தருகிறது. இப்பருவத்தில் சில பீப்பாய்களில் பானம் எண்ணெய்போல் கொழகொழத்து நூலிழுப்பதும் உண்டு. இறுதியாக பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் அக்கொழகொழப்பைச் சிதைத்து, எஞ்சிய சர்க்கரைகளையும் மெல்ல உண்டு, லாம்பிக்குக்கே உரிய வாசனைகளை விளைவிக்கிறது. இந்த ஈஸ்டை ஆங்கிலேயரின் பழம்பீர்களிலிருந்து பிரித்தறிந்து 1904இல் உலகுக்கு அறிவித்தவர் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் நீல்ஸ் யெல்ட் கிளாவுசென். 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்பதே அவர் இட்ட பெயரின் பொருள்.

பீப்பாயின் பங்கு: லாம்பிக்குக்குப் புதிய ஓக் மரத்தின் வாசனை வேண்டுவதில்லை, பெரும்பாலும் திராட்சை மது வைத்திருந்த பழம்பீப்பாய்களே பயன்படுகின்றன. மரத்தின் நுண்துளைகளில் முன்னைய ஆண்டுகளின் உயிரினங்கள் தங்கியிருந்து புதிய கஷாயத்துக்கு வித்தாகின்றன. அதே துளைகள் வழியே மிகச் சிறிதளவு காற்றும் உட்புகுகிறது. பானத்தின் மேல் ஈஸ்டுகள் ஆடைபோல் ஒரு மெல்லிய படலத்தைப் படரவிட்டுக் காற்றின் வரவைத் தடுத்தாள்கின்றன. படலம் சிதைந்தாலோ, பீப்பாய் கசிந்தாலோ, அசிட்டிக் அமிலம் மிகுந்து பானம் காடியாக மாறத் தொடங்கும். ஒரே நாளில் ஒரே தொட்டியிலிருந்து நிரப்பிய இரு பீப்பாய்கள் ஈராண்டு கழித்து இருவேறு ருசியுடன் நிற்பது சர்வசாதாரணம்.

இவ்வேற்றுமையைக் குறையாகக் கருதாமல் கலையாக வளர்த்ததன் பயனே கூஸ் என்னும் கலவை. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலப்போர் பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்துத் தேர்ந்து, ஒன்றுசேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். இளைய லாம்பிக்கில் எஞ்சிய சர்க்கரை புட்டிக்குள் மீண்டும் நொதித்து நுரையைத் தருகிறது. மூத்தது ஆழத்தைத் தருகிறது. புளிப்புச் செர்ரிப் பழங்களை லாம்பிக்கில் மாதக்கணக்கில் ஊறவைத்து ஆக்குவது கிரீக் எனப்படும்.

சுவைத்தறியும் முறை: பீப்பாயிலிருந்து நேரே எடுத்த லாம்பிக்கில் நுரை அநேகமாக இராது, அதைக் கண்டு ஏமாற வேண்டியதில்லை. கூஸ் புட்டியோ கிடையாகவே நிலவறையில் வைக்கப்பட்டிருக்கும். அடிவண்டல் கலங்காதிருக்க, பிரம்புக் கூடையொன்றில் சாய்ந்த வாக்கிலேயே அதைக் கொணர்ந்து மெதுவாக வார்ப்பது பிரஸ்ஸல்ஸ் நகரத்துச் சம்பிரதாயம். மிகுந்த குளிர்ச்சி வாசனைகளை ஒடுக்கிப் புளிப்பை மட்டும் கூர்மையாக்குமாதலால், 12 முதல் 14 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள நிலவறைக் குளிர்ச்சியே ஏற்றது.

முதலில் முகர வேண்டும். உலர்ந்த வைக்கோல், பழந்தோல், குதிரைமேல் போர்த்திய கம்பளி, எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் கலந்து எழும். தொழுவத்தையும் தோலையும் ஒத்த மணங்கள் பெரிதும் பிரெட்டனோமைசிஸ் உண்டாக்கும் எதில்பீனால் முதலிய சேர்மங்களால் வருபவை. அளவோடு இருந்தால் அவை சிறப்பே. நகப்பூச்சை ஒத்த காரநெடி மூக்கைத் துளைக்குமாயின், பானத்துக்குள் காற்று மிகுதியாகப் புகுந்துவிட்டது என்று ஐயுறலாம்.

பின்னர்ச் சிறு மிடறாக அருந்தி நாவின்மேல் சற்றே நிறுத்தவேண்டும். இங்கே புளிப்பு இரண்டு. தயிரின் புளிப்பைத் தருவதும் லாக்டிக் அமிலமே என்பதால், நம்மவர் நாவுக்கு முதலாவது புளிப்பு அந்நியமன்று. அது நாவின் பரப்பெங்கும் மெல்லப் படர்ந்து உமிழ்நீரைச் சுரப்பித்துத் தணியும். இரண்டாவதான அசிட்டிக் அமிலப் புளிப்பு காடியின் வழிவந்தது. தொண்டையைச் சுட்டு, மூக்கின் உட்புறம் ஏறும். முன்னது முதுகெலும்பாக நிற்க, பின்னது ஓரத்தில் கோடிட்டாற்போல் இருப்பது தேர்ந்த கூஸின் லட்சணம்; பின்னது மேலோங்கினால், பீப்பாயின் பழுதையே நாம் பருகுகிறோம். புளிப்பு அடங்கியதும் மரம் தந்த துவர்ப்பு ஈறுகளில் லேசாகப் பற்றும். நுண்ணுயிர்கள் அநேகமாக முழுச் சர்க்கரையையும் உண்டுவிட்டமையால் தித்திப்பு இராது. வாய் வறண்டு, மறுமிடற்றை நாடும்.

மரபும் காப்பும்: இருபதாம் நூற்றாண்டின் நடுவில், சர்க்கரையிட்டு இனிப்பூட்டிய பானங்கள் மக்கள் ருசியைக் கவரவே, பழைய முறையில் ஆக்குவோர் அருகினர். ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கான்டியோன் குடும்பத்தார், 1978இல் தம் ஆலையையே கூஸ் அருங்காட்சியகமாகவும் திறந்து வைத்தனர். 1997இல் கலப்போரும் காய்ச்சுவோரும் கூடி ஹோரால் என்னும் சங்கத்தை நிறுவினர். 'ஔட கூஸ்', அதாவது 'பழைய கூஸ்' என்னும் பெயர் ஐரோப்பியச் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதைத் தாங்கிய புட்டியில் இனிப்பூட்டாத மரபு வகையே இருக்கும்.

தக்க நிலவறையில் நல்ல கூஸ் பல்லாண்டு நிலைத்து, அங்கேயும் மெல்ல மாறிக்கொண்டேயிருக்கும். ஆகவே இதை அறிய விழைவோர் ஒரே ஆண்டின் புட்டிகள் சிலவற்றை வாங்கி வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்து, கண்டதைக் குறித்துவைப்பதே உத்தமம். முதல் புட்டியில் வெறும் புளிப்பாக மோதியது, நாலாவது புட்டியில் தயிரென்றும் காடியென்றும் துவர்ப்பென்றும் தனித்தனியே பெயர் சொல்லி நிற்கும்; அதற்குள் மாறியது பானம் பாதி, பருகுபவரின் நாவு பாதி.