இதயத்தைத் தேடிய படத்தில் அகப்பட்ட நுரையீரல்

பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியான மரக்காணத்தில் வாரப்பட்ட உப்பு தோணியேறிச் சென்னைக்குச் சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அந்த உப்புப் பாத்திகளில் உழைத்தோரின் மார்புக்குள் என்ன நிகழ்கிறது என்பதை மருத்துவர் காதால் கேட்டும் விரலால் தட்டியும் ஊகிக்க முடிந்ததே தவிரக் கண்ணால் காண வழி இருக்கவில்லை. 1895இல் ரான்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்த பின் அந்நிலை மாறத் தொடங்கி, 1934இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் எழுந்தபோது, மார்பைப் படம் பிடிப்பது வட தமிழகத்தில் ஒரு தனித்துறையாகவே நிலைபெற்றது.

அந்தத் துறையை வளர்த்தது இதயநோய் அன்று, காசநோயே. டேவிட் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் விடுதியை நிறுவினார். 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிமருத்துவ மையம், வீட்டிலிருந்தபடி மருந்துண்போரும் விடுதியில் தங்குவோரைப் போலவே குணமடைகின்றனர் என்று நிறுவி உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் திருவள்ளூர் வட்டாரக் கிராமத்தாரை ஆயிரக்கணக்கில் நிறுத்தி, மார்பின் நிழலைச் சிறு படச்சுருளில் பதியவைக்கும் முறை கையாளப்பட்டது. நுரையீரலுக்காக எடுக்கப்பட்ட அத்தகைய படங்களின் நடுவே இதயத்தின் நிழலும் தவறாமல் விழுந்ததால், வீங்கிய இதயமும் விரிந்த பெருந்தமனியும் தேடாமலே கண்ணில் பட்டன. இப்படித் தேடியது ஒன்றாயிருக்க வேறொன்று தென்படுவதைத் தற்செயல் கண்டறிவு என மருத்துவர் வழங்குகின்றனர்; இதயத்தைத் தேடும் சி.டி. ஸ்கேன் நுரையீரலைக் காட்டி அதே உறவைத் தலைகீழாக்கியது.

சி.டி. என்பது உடலைச் சுற்றிவரும் கதிர்களின் அளவுகளிலிருந்து குறுக்குவெட்டுப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் முறையாகும். 1971 அக்டோபரில் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனின் முச்சுருள் வடிவத்தைக் கண்டறிந்து பெங்களூருக்குப் பெயர்ந்திருந்த ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் அக்கணக்கீட்டை எளிதாக்கும் வழியொன்றை வெளியிட்டனர். இருவர் பெயரையும் இணைத்து ‘ராம்–லாக்’ எனப்படும் வடிகட்டி இன்றும் அத்துறையின் பாடநூல்களில் இடம்பெறுகிறது என்பது தமிழ்நாட்டில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

துடிக்கும் இதயத்தைப் படமெடுக்க வேகம் தேவைப்பட்டதால் அது தாமதித்தே வந்தது. 1990இல் அகாட்ஸ்டனும் அவர்தம் குழுவினரும் இதயத் தமனிகளில் படிந்த கால்சியத்தை மதிப்பெண்ணாக்கும் முறையை வகுத்தனர். 2002இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அதற்காக ஸ்கேன் செய்யப்பட்ட 1,326 பேரின் படங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேரிடம் இதயத்துக்கு வெளியே தொடர்ந்து கவனிக்க வேண்டியவை இருப்பதாகத் தெரிவித்தனர். நுரையீரல் முடிச்சு, நிணநீர்க் கணு வீக்கம், கல்லீரல் கட்டி, உதரவிதானத்தின் வழியே மேலேறிய இரைப்பை என இதய ஸ்கேன்களில் இவ்வாறு தென்படுபவை பலவாறாகும்.

எவ்வளவு அகப்படும் என்பதை இயந்திரத்தைவிட அதைக் கையாள்பவரே தீர்மானிக்கிறார். கருவி மார்பின் முழு அகலத்துக்கும் அளவுகளைச் சேகரித்தாலும், இதயத்தைத் தெளிவாகக் காண்பதற்காகச் சிறு வட்டமொன்றே முதலில் படமாக உருவாக்கப்படுவதால், அதே அளவுகளை மீண்டும் விரித்துப் பார்க்காதவருக்கு நுரையீரலின் ஓரங்கள் தெரியாமற் போகும். விரித்தாலும் தீராத குறையொன்று உண்டு. இதய ஸ்கேன் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தையொட்டித் தொடங்கி உதரவிதானத்துக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. காசநோய் பெரிதும் குடிகொள்வதோ அந்த எல்லைக்கு மேலுள்ள நுரையீரல் உச்சியில். ஆகவே இந்த உப்பளக் கரையில் ஒருவரது இதய ஸ்கேனில் நுரையீரலைப் பற்றிக் குறையேதும் எழுதப்படாதிருப்பது, காசநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

எல்லைக்குள் தென்படும் முடிச்சையும் இந்நாட்டுக் கண்கொண்டே நோக்க வேண்டும். பழைய காசநோய் ஆறிய இடத்தில் சுண்ணாம்பு படிந்த முடிச்சு எஞ்சுவது வழக்கம். அது பெரும்பாலும் தீங்கற்றது. காசநோய் மிகுந்த நாடுகளில் மேலைநாட்டு அபாயக் கணக்குகள் அப்படியே பொருந்தா என்று 2016இல் ஆசிய மருத்துவர் குழுவொன்று எச்சரித்தது. மார்புக் கதிரியல் வல்லுநரின் ஃபிளைஷ்னர் சங்கம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையோ, மார்பின் ஒரு பகுதி மட்டும் பதிவான படத்தில் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சுக்கு மேல்சோதனை வேண்டாமென்றும், 6 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ளதற்கு 3 முதல் 12 மாதங்களுக்குள் முழு மார்பையும் ஸ்கேன் செய்க என்றும் கூறுகிறது. அவ்விடைவெளி புற்றுநோயின் வளர்ச்சி வேகத்தைக் கருதி வகுக்கப்பட்டதே. ஆயினும் உப்பளத் தொழிலாளிக்குக் கோடை முழுவதும் நீளும் உப்பு வாரும் பருவத்தில் ஒரு நாள் ஸ்கேனுக்குச் செலவானால் அன்றைய கூலி போய்விடும், மழைக்காலத்திலோ கையில் காசிராது. எனவே ‘ஆறு மாதம் கழித்து வரவும்’ என்று எழுதும் மருத்துவர், முதலில் பழைய மார்புப் படம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்பதே பயனுள்ளது: திண்மையான முடிச்சொன்று இரண்டாண்டுகளாக அளவு மாறாதிருந்தால், அதைத் தீங்கற்றதாகக் கொள்வது கதிரியலில் நெடுங்கால வழக்கம்.