சிபாரிசும் சேவையும்

மத்திய அந்தமானில் ரங்கத்தை அடுத்துள்ள ஏராட்டா படகுத்துறையிலிருந்து கடல் வழியே சென்றால் லாங் ஐலண்ட். அரசுப் பணி நிமித்தம் அங்கே சில காலம் இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். பிரசவமோ காய்ச்சலோ, முதலில் ஓடிவருபவர் நர்ஸம்மாதான்.

1954-ல் தொடங்கிய பத்ம விருதுகளின் விதிகளின்படி, பணியிலுள்ள அரசு ஊழியருக்கு விருது இல்லை. டாக்டருக்கும் விஞ்ஞானிக்கும் மட்டும் விலக்கு. அதில் நர்ஸ் என்ற சொல்லே கிடையாது! ஆயினும், ரங்கத் பகுதியில் பிறந்த அரசு நர்ஸ் சாந்தி தெரசா லக்ராவுக்கு 2011-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. லிட்டில் அந்தமானில், அப்போது சுமார் நூறு பேரே இருந்த ஓங்கே பழங்குடியினரிடையே, 2004 சுனாமிக்குப் பின்னும் தங்கிச் சேவை செய்தவர் அவர். 1999-ல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியபோது சிகிச்சை அளித்த டாக்டர் ரத்தன் சந்திர கர் அவர்களுக்கோ 2023-ல்தான், அதாவது 24 ஆண்டுகள் கழித்து, பத்மஸ்ரீ வந்தது.

தலைநகரில் பிரமுகர்களுக்கு வைத்தியம் பார்ப்பவரைச் சிபாரிசு செய்யப் பலர் உண்டு. தீவில் இருப்பவருக்கு யார்? தேர்வுக்குத் தக்க வரைமுறை இல்லை என்பதை உச்ச நீதிமன்றமே 1995 டிசம்பரில், பாலாஜி ராகவன் வழக்கில் சுட்டிக்காட்டியது. ஆனால் பெயரே போகாவிட்டால் தேர்வுக் குழுதான் என்ன செய்யும்?

2016 முதல் இணையதளம் வழியே குடிமக்கள் யாரும் பெயரைப் பரிந்துரைக்கலாம். நம் அங்கத்தினர்கள் உறவினரையும் பிரபல டாக்டரையும் மட்டும் நினைக்காமல், தம் ஊர் நர்ஸம்மாவுக்காகவும் நாலு வரி எழுதி அனுப்பலாமே. நமது கிளைகள் போர்த்தும் பொன்னாடைக்கும் இது பொருந்தும்.