ஊரிகத்துக்கு அடுத்த இரண்டு ஸ்டேஷன்கள்

கூட வேலை பார்க்கும் யூத நண்பர் ஒருத்தர் சின்ன வயசில் 'ஹபோனிம்' இளைஞர் இயக்கத்தில் இருந்தாராம். 1929-ல் லண்டனில் வெல்லஸ்லி ஆரன் தொடங்கியது. குடியேறி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் வரலாற்றை மறந்துவிடக் கூடாதென்று சாரணர் பாணியில் முகாம், பாட்டு, பாடம். வளர்ந்ததும் பாலஸ்தீனம் போய்க் கூட்டுப் பண்ணையில் குடியேறுவது அடுத்த படி. கேட்கக் கேட்க எனக்கு எங்க ஊர் ஞாபகம்.

ஊரிகம், கேஜிஎஃப். (சினிமா கேஜிஎஃப் இல்லை, நிஜ கேஜிஎஃப் :-)) 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபிறகு சுரங்கத்தில் இறங்க ஆள் தேவைப்பட்டது. வட ஆற்காடு சேரிகளிலிருந்து நம்ம ஜனங்கள் மூட்டை கட்டி வந்தார்கள். தட்டி வீடு, ஷிப்டு, சங்கு. ஆனால் கூலி காசாகக் கைக்கு வந்தது, ஆண்டை தலைமேல் இல்லை. அது சின்ன விஷயம் இல்லீங்க.

அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்று, திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். 1907-ல் அவருடைய 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை வர ஆரம்பித்தது. தங்கவயல்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஊரிகத்தில் ரயில் ஏறினால் அடுத்தது சாம்பியன், அதற்கடுத்தது மாரிக்குப்பம், அத்தோடு தண்டவாளம் முடிந்தது. அந்த மாரிக்குப்பத்தில்தான் கிளைச் சங்கம். எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் முன்னின்றார்கள். சொற்பொழிவு, புரோகிதர் இல்லாத கல்யாணம், புத்தர் பிறந்தநாள் என்று எல்லாம் நடந்தது. இளைஞர் இயக்கம் என்று யாரும் பேர் வைக்கவில்லை. சுரங்கத்தில் இறங்கினவங்களே இளவட்டம்தானே!

பண்டிதர் 1914-ல் காலமானார். கொஞ்ச நாளில் பத்திரிகையும் நின்றது. 1926-ல் கோ. அப்பாதுரையார் அதே 'தமிழன்' பெயரில் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தார். சாம்பியன் ரீப்ஸில் இருந்த ஸ்ரீ சித்தார்த்த புத்தகசாலை, பண்டிதர் எழுத்துகளைப் புத்தகமாகப் போட்டது. நாள் முழுக்கப் பாறை உடைத்தவர்கள் ஊரில் ஒரு பதிப்பகம்!

ஒரு வித்தியாசம் மட்டும் பெரிசு. ஹபோனிம் பிள்ளைகளுக்குச் சொன்னது, நம் மண் வேறெங்கோ இருக்கு, அங்கே போகணும் என்று. பண்டிதர் சொன்னது, நீங்கள்தான் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை விடாததால்தான் உங்களைத் தாழ்த்தினார்கள் என்று. அவருடைய சொல்லாராய்ச்சி முழுசையும் நான் ஏற்க மாட்டேன். ஆனால் ஷிப்டு முடிந்து மேலே வரும் ஒரு இருபது வயசுப் பையன் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும்!

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகள் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள், சிலர் என்னை மாதிரி விமானத்தை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-ல் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு தடித்த தொகுதிகளாக வந்தது. ஊருக்குப் போகும்போது தேடிப் பாருங்க, பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் விட்டுக்கோங்க.