மீன் அலர்ஜி இல்லாதவருக்கு மீனால் வந்த தடிப்பு

எதையோ சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடிச்சு அரிச்சா, நம்ம வீடுகள்ல “ரத்தம் சுத்தமில்ல”ன்னு சொல்றதை நான் நிறைய கேட்டிருக்கேன். ரத்தத்துல ஏதோ இருக்குங்கறது சரிதான். ஆனா அது அழுக்கு இல்ல. இதைக் கண்டுபிடிச்ச கதைதான் இன்னைக்கு.

1921. ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரம். இன்று அது போலந்தில் இருக்கிறது. ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு சமைத்த மீன் ஆகாது. சாப்பிட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். அவருடன் வேலை பார்த்த கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொந்தரவும் இல்லை. கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு. சில நிமிஷத்தில் அங்கே மட்டும் சிவந்து தடித்தது!

அப்போ, அலர்ஜி சீரத்தில் இருக்கும் ஒரு பொருளோடு இன்னொருத்தர் தோலுக்குப் போய் உட்காரும். அந்தப் பொருளுக்கு ரீஜின்னு பேர் வெச்சாங்க. ஆனா பிரிச்செடுக்க நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்தச் சோதனை பல மருத்துவமனைகளுக்குப் பரவியது. அடுத்தவர் சீரத்தோடு மஞ்சள் காமாலையும் தொற்றலாம் என்பதால் பிறகு கைவிடப்பட்டது.

1966இல் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதி, தங்கள் தோலிலேயே சோதித்து, அது ஒரு புதுவகை ஆன்டிபாடி என்று காட்டினார்கள். ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் தனியாக அதையே கண்டார்கள். 1968இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த பெயர் ஐஜிஇ.

இந்த ஐஜிஇ தோலில் உள்ள மாஸ்ட் செல்களில் ஒட்டிக் காத்திருக்கும். தனக்கு ஆகாத பொருள் வந்ததும் அந்த செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்து கசியும். தோல் சிவந்து தடிக்கும், நரம்பு தூண்டப்பட்டு அரிக்கும். வாட்ச் பக்கிளில் உள்ள நிக்கலால் ஒன்றிரண்டு நாள் கழிச்சு வர்ற புண் வேற கதை. அது டி செல்களோட வேலை.

இன்னைக்கு டாக்டர் உங்க கையில சொட்டு வெச்சு லேசா குத்திப் பார்க்கறதும் பிராஸ்னிட்ஸ் செஞ்சது மாதிரிதான். ஆனா இங்க உங்க சொந்த ஐஜிஇயே போதும்.

அதனால வேப்பிலைச் சாறு குடிச்சு “ரத்தத்தைச் சுத்தம்” பண்ணா இது போகாது. எது ஆகலைன்னு கண்டுபிடிங்க. தடிப்போட மூச்சுத் திணறலோ, நாக்கு, தொண்டை வீக்கமோ வந்தா காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.