மங்கும் கார்த்திகை, தள்ளிப்போகும் நடவு: ஆண்டிஸ் உழவரின் மழைக்கணிப்பு

பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலை உழவர்கள், ஜூன் 24இல் வரும் புனித யோவான் திருநாளை ஒட்டி, விடியுமுன் மேட்டில் ஏறி நின்று வடகிழக்கில் எழும் கார்த்திகை விண்மீன்கூட்டத்தைப் பார்க்கிறார்கள். மீன்கள் பெரிதாகப் பளிச்சென்று தெரிந்தால் மழை காலத்தில் வரும். மங்கினால் பிந்தும், குறையும். மங்கிய ஆண்டில், அக்டோபரை ஒட்டி நடவேண்டிய உருளைக்கிழங்கைச் சில வாரங்கள் தள்ளி நடுவார்கள். அதன் வேர் ஆழமாக இறங்குவதில்லை. நட்டபின் மழை பொய்த்தால் விதைக்கிழங்கும் போயிற்று. வழக்கம் பழையது, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெச்சுவா மொழியில் எழுதப்பட்ட ஹுவாரோச்சிரி கையெழுத்துப்படியிலேயே இதன் குறிப்பு உண்டு.

2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் மானிடவியலாளர் பெஞ்சமின் ஓர்லவ், காலநிலை ஆய்வாளர்கள் ஜான் சியாங், மார்க் கேன் ஆகியோர் இதற்குக் காரணம் காட்டினர். பசிபிக் கடற்பரப்பு வழக்கத்தைவிட வெப்பமுறும் எல் நினோ ஆண்டுகளின் ஜூன் மாதத்தில் அங்கே மேல்வானில் மெல்லிய கீற்றுமுகில்கள் கூடுகின்றன. முகிலென்றே கண்ணுக்குப் புலப்படாத அந்தப் படலம் மீன்களின் ஒளியைக் குறைக்கிறது. சில மாதங்கள் கழித்து வரவேண்டிய மழையைக் குறைப்பதும் அதே எல் நினோதான்.

மரபறிவை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்பதற்குச் சான்றாகவே இந்த ஆய்வை எடுத்தாள்கிறார்கள். அந்த வாசிப்பு போதாது. கார்த்திகை எழும் நாள் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை; பஞ்சாங்கம் கணிப்பவர் வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடலாம். மாறுவது இடையிலுள்ள காற்றுமண்டலம். விண்மீனை விளக்காக வைத்துக்கொண்டு உழவர் வானத்தின் தெளிவை அளக்கிறார். ஹுவாரோச்சிரி கையெழுத்துப்படி எழுந்த காலத்தில் இதை விண்மீன் வழிபாடு என்று கண்டித்த பாதிரிமாருக்கு இது பிடிபடவில்லை. கணக்கிட்டு அறிய முடியாத ஒன்றை ஒவ்வோர் ஆண்டும் போய்ப் பார்த்தே தீரவேண்டும். அறிவு இருப்பது அந்தப் பார்வையில்.

நம் ஆடிப்பட்டத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். பட்டம் பல்லாண்டு மழையின் பொதுப்போக்கைச் சொல்கிறது. ஆண்டிஸ் முறையோ இந்த ஆண்டு அதிலிருந்து எவ்வளவு விலகும் என்று கேட்கிறது. பருவம் தடுமாறும் காலத்தில் இரண்டாவது கேள்விக்கே மதிப்பு அதிகம்.

எல் நினோவின் போக்கு மாறினால் குறியும் பொய்க்காதா என்று கேட்கலாம். பொய்க்கும்தான். ஆனால் 'மங்கல்' என்பது முன்பு கண்ட ஆண்டுகளோடு ஒப்பிட்டுச் சொல்வது. தவறினால் அந்த ஆண்டு விளைச்சலே காட்டிக்கொடுக்கும். பார்க்கும் வழக்கம் அறாதவரை திருத்திக்கொள்ள இடமுண்டு.

மரபறிவை ஆவணப்படுத்தும் முறைகள் மேல் எனக்கு ஐயம் எழுவது இதனால்தான். 2001இல் இந்தியா தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னணு நூலகம், மருந்துச் செய்முறைகளுக்குப் பிறர் காப்புரிமை பெறாமல் தடுக்க உதவுகிறது. செய்முறை எழுத்தில் அடங்கும். மீன் மங்கினால் மழை பிந்தும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம், எது மங்கல் என்பது அந்த வரியில் இராது. எனவே பருவ அறிவைப் பதிவுசெய்வோர் குறிகளின் பட்டியலோடு நின்றுவிடாமல், யார், எங்கே நின்று, எந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார், நடவு எத்தனை நாள் தள்ளிப்போனது, விளைச்சல் என்ன ஆயிற்று என்பவற்றையும் ஆண்டுதோறும் சேர்த்தெழுத வேண்டும்.