ஆல்பத்தை எடைக்குப் போட்ட அம்மா

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் ஒரு பெரிய குற்றச்சாட்டை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். "எங்கம்மா மட்டும் என் ஸ்டாம்பு ஆல்பத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாம இருந்திருந்தா, நான் இன்னைக்கு லட்சாதிபதி!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். வீட்டுக்கு வீடு ஒரு தாய் இந்தப் பழியைச் சுமக்கிறாள். அந்தத் தாய்க்கு வக்கீலாக வந்திருக்கிறேன் ஐயா.

அந்த ஆல்பத்தில் அப்படி என்னதான் இருந்தது? நானும் சேர்த்தவன்தான். 1980 வாக்கில் எங்கள் வகுப்பில் எந்தப் பையனிடமும் 'அஜ்மான்' என்று ஒரு நாட்டு ஸ்டாம்பு இருக்கும். புலி, பட்டாம்பூச்சி, ராக்கெட்... பெரிசு பெரிசா, பளபளன்னு இருக்கும். ஒரு அஜ்மானுக்கு நாலு இந்திய ஸ்டாம்பு கொடுக்கணும். அஜ்மான் எங்கே இருக்கிறது என்று கேட்டால், வாத்தியாரே பேச்சை மாற்றிவிடுவார்! (சிரிப்பு)

வளைகுடாக் கரையில் ஒரு குட்டி ஷேக் ராஜ்யம் அது. 1964 முதல் ஸ்டாம்பு போட்டது. வெளிநாட்டு வியாபாரிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, உலகத்துப் பிள்ளைகளுக்கு விற்பதற்கென்றே அடித்துத் தள்ளினார்கள். அஜ்மானைச் சேர்ந்த மனாமா என்கிற உள்நாட்டுக் கிராமத்தின் பேரிலும் தனி ஸ்டாம்பு! 1971-இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் உருவான பிறகுதான் இந்தக் கூத்து ஓய்ந்தது.

இதில் வேடிக்கை பாருங்கள். கவரில் வந்த ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் பிரிப்போம். பசை கரைந்துபோகும். ஆனால் அஜ்மான் ஸ்டாம்பில் மேலே முத்திரை குத்தியிருக்கும், பின்னால் பசை அப்படியே இருக்கும்! விற்பதற்கு முன்பே முத்திரை போட்டுவிட்டார்கள். ஒரு கடிதத்தையும் சுமக்காத ஸ்டாம்பு அது. அம்மா எடைக்குப் போட்டது இதைத்தான்.

"பழசானா விலை ஏறாதா?" என்பார்கள். உலகத்தின் முதல் தபால்தலை, இங்கிலாந்தின் கறுப்பு ஒரு பென்னி. 1840-இல் வந்தது. அச்சடித்தது ஏறத்தாழ 6 கோடியே 88 லட்சம். நிறையப் பேர் பத்திரமாக வைத்துவிட்டதால், சுமாரான பிரதி இன்றும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

விலை போனது எது தெரியுமா? 1856-இல், தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானாவுக்கு லண்டனிலிருந்து ஸ்டாம்பு வந்து சேரவில்லை. அவசரத்துக்கு உள்ளூர் அச்சகத்தில் அடித்தார்கள். அதில் ஒரு சென்ட் ஸ்டாம்பு, செய்தித்தாள் அனுப்புவதற்கு. பேப்பரைப் படித்தார்கள், ஸ்டாம்போடு சேர்த்துத் தூக்கிப் போட்டார்கள். எல்லா வீட்டிலும் நம்ம அம்மா மாதிரியே ஒருத்தர் இருந்திருக்கிறார்! (கைதட்டல்) மிஞ்சியது ஒன்றே ஒன்று. 1873-இல் வீட்டுப் பழைய கடிதக் கட்டில் அதை எடுத்தவன் 12 வயதுப் பையன். மூலை வெட்டுப்பட்டு அழுக்காக இருந்ததால், வேறு அழகான ஸ்டாம்பு வாங்கலாமென்று ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். 2014-இல் அது ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அப்படி வாங்கியவரும் 2021-இல் விற்றபோது கிடைத்தது சுமார் 83 லட்சம்தான்.

அம்மா மேல் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் நடுவர் அவர்களே. செலவுத்தொகையை எதிரணி நண்பரிடமே வசூலிக்கவும். அஜ்மான் ஸ்டாம்பாகக் கொடுத்தால் வாங்க வேண்டாம்! (பலத்த சிரிப்பு)