தோழியைத் தேடுதல்

ராஜபாளையத்துப் பெண்களுக்கு நாச்சியார் திருமொழி நடத்துவது எனக்கு எளிது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஊர். ஆடிப்பூரத் தேரைப் பார்த்து வளர்ந்தவர்கள், மார்கழியில் திருப்பாவையைக் காதில் வாங்கி எழுந்தவர்கள். ஒரு வகுப்பில் அந்நூலைக் கணினிக் கோப்பாகக் கொடுத்து, 'தோழி' வரும் இடங்களைத் தேடச் சொன்னேன். ஒரு மாணவி கறுப்புத் திரையில் 'கிரெப்' கட்டளையைத் தட்டினாள். வந்த வரிகளில் வாரணமாயிரம் இல்லை. பத்துப் பாசுரங்களில் கனவைக் கேட்டுக்கொண்டிருக்கும் தோழியைக் கணினிக்குத் தெரியவில்லை.

காரணம் சிறியது. அங்கே அவள் 'தோழீ' என்று அழைக்கப்படுகிறாள். கிரெப் பொருளைத் தேடுவதில்லை. கோப்பை வரிவரியாகப் படித்து, நாம் கொடுத்த குறிகள் அதே வரிசையில் அமைந்த வரிகளை மட்டும் காட்டும். ஒருங்குறியில் 'ழி' என்பது 'ழ'வும் இகரக் குறியும் சேர்ந்தது; 'ழீ'யில் குறி வேறு. 'தோழ' என்று தேடினால் இரண்டும் கிடைக்கும், தோழனும் தோழமையும் கூடவே வந்தாலும். இதேபோல் 'அவள்' என்று தேடினால் 'அவளை' வராது. வேற்றுமை ஏறியதும் புள்ளி போய்விடுகிறது. எதுவும் கிடைக்காதபோது கிரெப் ஒன்றும் சொல்லாது. அந்த மௌனத்தை 'இல்லை' என்று படித்துவிடுவது நம் தவறு.

இந்தக் கட்டளையின் பிறப்பே 'எழுதியது யார்' என்ற கேள்வியோடு தொடர்புடையது. 1787-88இல் அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 85 கட்டுரைகள் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் வந்தன. எழுதியவர்கள் ஹாமில்டன், மேடிசன், ஜே என்ற மூன்று ஆண்கள். எந்தக் கட்டுரை யாருடையது என்பதை நடையைக் கொண்டு ஆராய விரும்பினார் பெல் ஆய்வகத்தின் லீ மக்மஹன். அன்றைய 'எட்' தொகுப்பிக்கு அந்தக் கோப்பு மிகப் பெரிது. அதன் தேடும் பகுதியை மட்டும் பிரித்துத் தனிக் கருவியாக்கித் தந்தார் கென் தாம்ப்சன். 1970களின் தொடக்கத்தில் நடந்த இதைப் பிரையன் கெர்னிகன் பின்னர் சொல்லியிருக்கிறார். தேடியதை மாற்றி எழுதும் 'செட்' கட்டளையை மக்மஹனே உருவாக்கினார்.

புனைபெயருக்குள் ஒளிந்த ஆண்களை ஒவ்வொருவராக அடையாளம் காண இத்தனை உழைப்பு. நம் ஊரில் கோதை தன் பெயரைப் பாட்டிலேயே பொறித்தாள். திருப்பாவையின் முடிவிலும் நாச்சியார் திருமொழியின் பல பதிகங்களின் முடிவிலும் 'கோதை' இருக்கிறது, பெரும்பாலும் தந்தையின் பெயரோடு. 'ஆண்டாள்' என்ற பெயரைத் தேடினால் அது பின்னோர் பாடிய தனியனில் கிடைக்கும். தன் பெயரைச் சொல்லியும் சந்தேகம் ஓயவில்லை. அப்படி ஒரு பெண்ணே இல்லை, பெரியாழ்வாரே பெண் குரலில் பாடினார் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆணின் புனைபெயர் ஆராய்ச்சிக்குரிய புதிர் ஆகிறது. பெண்ணின் கையொப்பத்துக்குச் சாட்சி கேட்கிறார்கள்.

தேடுவதற்கு முன் யாரோ தட்டச்சு செய்திருக்க வேண்டும். 1949 முதல் ஐ.பி.எம். உதவியுடன் தாமஸ் அக்வினாஸின் லத்தீன் எழுத்துகளுக்குச் சொல்லடைவு தயாரித்த ரொபெர்தோ பூசா பாதிரியாரைக் கணினிவழி இலக்கிய ஆய்வின் தந்தை என்கிறோம். இத்தாலியின் கல்லராத்தேயில் அந்தச் சொற்களைத் துளை அட்டைகளில் ஏற்றியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களின் பெயர்கள் நெடுங்காலம் வரலாற்றில் இல்லை. ஜூலியான் நைஹன் என்ற ஆய்வாளர் அவர்களில் சிலரைத் தேடிப்போய்ப் பேட்டி கண்ட பிறகே அவர்கள் குரல் கேட்டது.

என் மாணவிகளுக்கு இது புதிதல்ல. பலருடைய அம்மாக்கள் நூற்பாலைக்குப் போகிறவர்கள். ஒரு பிரிவில் முடிந்த பஞ்சு அடுத்த பிரிவுக்குப் போய் நூலாகி, கோனில் சுற்றப்படுவது அவர்களுக்குத் தெரியும். ஒரு கட்டளையின் விளைவை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் 'பைப்'பை நான் அப்படித்தான் விளக்கினேன். மூட்டையில் ஆலையின் பெயர் இருக்கும், நூற்றவள் பெயர் இருக்காது என்றாள் ஒருத்தி.

தமிழிலும் கோப்புகள் தாமாக வரவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காக உலகெங்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள். அன்றைய திஸ்கி குறியேட்டில் 'கோதை' என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் ககரத்துக்குப் பின்னரே ஓகாரக் குறி. பழைய கோப்புகளை வரிசை மாற்றித் தராவிட்டால் கோதை தன் நூலிலேயே தேடக் கிடைக்கமாட்டாள்.

அந்த மாணவி ஒரு வழி சொன்னாள்: "எல்லா 'தோழீ'யையும் 'செட்' போட்டு 'தோழி' ஆக்கிடலாம் மேடம், தேட வசதி." பிரதி எடுத்து அதில் செய், மூலத்தைத் தொடாதே என்றேன். பெயரை விளியாக்குவது அந்த ஈகாரம். அதைக் குறுக்கினால் தோழி கிடைப்பாள். அவளைக் கூப்பிட்டவள் தொலைந்துபோவாள்.